பதில் தெரியாத அம்மாவும் அறிவியலைத் தொடங்கிவைக்கலாம்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாயின் கடிதம் இது. மகளுக்கு ஆறரை வயது, இரண்டாம் வகுப்பு. ஓயாமல் கேள்வி கேட்கிறாள். அம்மா படித்தது வணிகவியல். பள்ளிக் காலத்திலிருந்தே அறிவியல் என்றால் பயம். மகள் எதையாவது கேட்டால் செல்பேசியில் தேடி, வந்த பதிலை வாசித்துக் காட்டுகிறார். பாதி வாசிப்பதற்குள் மகள் எழுந்து போய்விடுகிறாள். அப்பா ஒரு சோதனைப் பெட்டி வாங்கித் தந்தார். அதில் இருந்த எரிமலை பத்து நிமிடம் நுரைத்துப் பொங்கியது, அதோடு பெட்டி அலமாரிக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டில் அதே வயதுப் பையன் எட்டுக் கோள்களின் பெயரையும், உடம்பில் 206 எலும்புகள் என்பதையும் கடகடவென்று ஒப்பிக்கிறான். வகுப்பாசிரியை, ‘அறிவியல் பாடமே அடுத்த வருஷம்தான், அவசரம் வேண்டாம்’ என்கிறார். பயிற்சி மையத்திலோ, ‘இப்பவே சேர்க்கலைன்னா பின்தங்கிடுவா’ என்கிறார்கள். போன வாரம் மகள், ‘நிலா என் கூடவே வருது’ என்றாளாம். ‘அப்படி இல்லம்மா, அது ரொம்ப தூரத்துல இருக்கு’ என்று இவர் திருத்த, அவள் முகம் வாடிவிட்டது. எங்கே தொடங்குவது, எனக்கு வராத அறிவியல் அவளுக்கும் வராமல் போகுமோ, ஆங்கிலத்தில் படிக்கப்போகிறவளிடம் தமிழில் பேசினால் குழம்புவாளோ என்று மூன்று கேள்விகளோடு கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நிலா விஷயத்தைத்தான். உங்கள் மகள் தவறாகப் பார்க்கவில்லை. நடக்கும்போது மரமும் சுவரும் பின்னால் போகின்றன, நிலா மட்டும் போவதில்லை. அதை அவள் கவனித்திருக்கிறாள், கவனித்ததற்கு ஒரு காரணமும் சொல்லியிருக்கிறாள். சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ழான் பியாஜே 1920களில் சிறு குழந்தைகளிடம் பேசிப் பதிவுசெய்தவற்றில் இதே பேச்சு இருக்கிறது. நிலா தங்களோடு வருகிறது என்று அந்தக் குழந்தைகளும் சொன்னார்கள்.

நீங்கள் சொன்ன பதிலும் சரியானதுதான். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாம் நூறு அடி நடந்தாலும் அது தெரியும் திசை நம் கண்ணுக்கு மாறுவதில்லை, அதனால் கூடவே வருவதுபோல் இருக்கிறது. ஆனால் அவள் கேட்காத கேள்விக்கு அந்தப் பதில் வந்துவிட்டது. ‘நான் கண்டுபிடித்ததை அம்மா வேண்டாம் என்கிறாள்’ என்பதுதான் அவள் காதில் விழுந்திருக்கும்.

அடுத்த முறை நிலா தெரியும்போது இப்படிச் செய்யுங்கள். இருவரும் ஓரிடத்தில் நில்லுங்கள். அவள் ஒரு பக்கமும் நீங்கள் எதிர்ப்பக்கமும் நிலாவைப் பார்த்தபடி இருபது அடி நடங்கள். பிறகு, ‘நிலா யார் கூட வந்துச்சு?’ என்று கேளுங்கள். என் கூடத்தான் என்பாள். ‘இல்லையே, என் கூடத்தானே வந்துச்சு!’ என்று நீங்களும் உள்ளதைச் சொல்லுங்கள். ஒரே நிலா எப்படி இரண்டு பக்கமும் போகும்? அன்றைக்கு அதற்கு விடை சொல்லாதீர்கள். அவள் அதை மனதில் போட்டுக்கொண்டு தூங்கட்டும். நாலு நாள் கழித்து அவளே ஏதாவது சொல்வாள். அது தப்பாகவும் இருக்கலாம், பரவாயில்லை.

நான் சொல்ல விரும்புவது முழுவதும் இதற்குள்ளேயே இருக்கிறது. இந்த வயதில் அறிவியல் என்பது, தன் ஊகத்தைச் சொல்வது, அதைச் சரிபார்க்க ஒரு வழி தேடுவது, பார்த்தது வேறுமாதிரி இருந்தால் தயங்காமல் மனதை மாற்றிக்கொள்வது. இதைப் பழக்கிவிட அம்மாவுக்கு எல்லாப் பதிலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

விளக்கத்துக்கு முன்னால் அவள் ஊகம்

செல்பேசியில் தேடுவதில் தப்பில்லை. அதை எப்போது செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஒரு ஆய்வைச் சொல்கிறேன். பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளிடம் ஒரு புதுப் பொம்மையைக் கொடுத்தார்கள். அதற்குள் கீச்சென்று ஒலிப்பது, விளக்கு எரிவது என்று நான்கு வேலைகள் ஒளிந்திருந்தன. சில குழந்தைகளிடம் பெரியவர், ‘இது இப்படித்தான் வேலை செய்யும், பார்’ என்று கீச்சொலியை மட்டும் செய்துகாட்டினார். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். வேறு சிலரிடம் பெரியவர் தற்செயலாகக் கை பட்டு அந்த ஒலி வந்ததுபோல் காட்டினார். இவர்கள் பொம்மையைக் கூடுதல் நேரம் குடைந்தார்கள், ஒளிந்திருந்த மற்ற வேலைகளையும் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். பெரியவர் முழுப் பதிலையும் சொல்லிவிட்டார் என்று தோன்றிவிட்டால், தேட இனி ஒன்றுமில்லை என்று குழந்தை முடிவுகட்டிவிடுகிறது. உங்கள் மகள் பாதியில் எழுந்து போவதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவளுக்கு ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே அவள் கேட்டதும், ‘நீ என்ன நினைக்கிற?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்தப் பேசாமல் இருப்பது கேட்க எளிது, செய்யக் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு, சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் குழந்தைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள், குழந்தைகள் கேட்கும் கேள்விகளும் கூடின. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்புறம், எல்லாக் கேள்வியும் ஒரே வகையல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ‘எது மிதக்கும், எது மூழ்கும்?’ என்பதை ஒரு வாளித் தண்ணீரில் உடனே பார்த்துவிடலாம். ‘நிழல் ஏன் சில நேரம் குட்டையா இருக்கு?’ என்பதற்கு ஒரு குச்சியை நட்டு, காலை, நண்பகல், மாலை என்று நிழலின் நுனியில் கோடு போட வேண்டும். ‘வானம் ஏன் நீலம்?’ என்பதை வீட்டில் செய்துபார்த்துத் தீர்க்க முடியாது, புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். ‘இதை நாம செஞ்சு பார்க்க முடியுமா, பல நாள் கவனிக்கணுமா, இல்ல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா?’ என்று அவளிடமே கேளுங்கள். கொஞ்ச நாளில் அவளே பிரிக்கத் தொடங்கிவிடுவாள். மூன்றாவது வகைக் கேள்வி வரும்போது செல்பேசியை எடுங்கள். ‘எனக்கும் தெரியலை, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டு எடுங்கள். முந்தி சொன்னது தப்பு என்று பிறகு தெரிந்தால், ‘அன்னைக்கு நான் சொன்னது சரியில்ல’ என்று அவளிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அம்மாவும் மனதை மாற்றிக்கொள்வாள் என்று அவள் பார்ப்பது நல்லதுதான்.

இரண்டு ஐஸ் கட்டிகள்

எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதில் தொடங்குவேன். ஒரே அளவில் இரண்டு ஐஸ் கட்டிகள், ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்கள். ஒரு கட்டியை அப்படியே வையுங்கள். மற்றதைத் தடிமனான, ஈரமில்லாத கம்பளித் துணியில் நாலைந்து மடிப்பாகச் சுற்றி வையுங்கள். மெல்லிய துணி என்றால் வித்தியாசம் தெளிவாகத் தெரியாது.

இரண்டையும் வைத்துவிட்டு, ‘எது முதல்ல உருகும்?’ என்று கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் சுற்றிவைத்ததைத்தான் காட்டுவார்கள். கம்பளி சூடு தரும், அதனால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்பது அவர்கள் கணக்கு. குளிரில் கம்பளி போர்த்திக் கதகதப்பை உணர்ந்த குழந்தைக்கு அது நியாயமான கணக்குதான். அந்த ஊகத்தை ஒரு தாளில் அவளையே வரையச் சொல்லுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். தாளில் இல்லாவிட்டால், முடிவு தெரிந்ததும் ‘நானும் அதைத்தான் சொன்னேன்’ என்பாள். அது பொய் அல்ல, சிறு குழந்தைகள் முன்பு நினைத்ததை உண்மையிலேயே மறந்துவிடுவார்கள்.

வெளியே இருப்பது பெரும்பாலும் தண்ணீரானதும் துணியைப் பிரியுங்கள். உள்ளே கட்டி இருக்கும். அவள் கண்ணை விரிப்பாள். அடுத்து அநேகமாக மறுப்பு சொல்வாள்: ‘அது பெரிய கட்டி, அதான்!’ தயவுசெய்து அங்கே குறுக்கே பேசி விளக்காதீர்கள். ‘சரி, மறுபடி செய்வோம். இந்தத் தடவை நீயே கட்டி எடு’ என்று சொல்லுங்கள். இப்போது அவள் இரண்டு கட்டிகளையும் பக்கத்தில் வைத்து அளவு பார்ப்பாள். இரண்டு கிண்ணமும் ஒரே மாதிரியா, ஒன்று மட்டும் ஜன்னல் பக்கத்தில் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பாள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்ற சோதனை விதியை யாரும் பாடமாகச் சொல்லாமலே, தன் கட்சியை நிரூபிக்கும் வேகத்தில் அவளே பிடித்துவிட்டாள்.

இரண்டு மூன்று தடவை ஆன பிறகு நீங்கள் பேசலாம். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை, சூடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதைத் தாமதப்படுத்துகிறது. நம் உடம்பில் சூடு உண்டு, அது வெளியே போகாமல் கம்பளி தடுக்கிறது. ஐஸ் கட்டிக்கு வெளியில்தான் சூடு, அது உள்ளே வராமல் தடுக்கிறது. இவ்வளவு போதும். அடுத்த வாரம் அவள் மறுபடியும் ‘கம்பளி சூடு தரும்’ என்றால் மனம் தளராதீர்கள். அனுபவத்தில் ஊறிய எண்ணம் ஒரே தடவை பார்த்ததும் மாறிவிடாது. பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

பல நாள் பார்க்க ஏதாவது வேண்டும் என்றால், ஒரே வகை விதையை ஈரப் பஞ்சில் இரண்டு கோப்பைகளில் போட்டு, ஒன்றை வெளிச்சத்திலும் ஒன்றை முழு இருட்டிலும் வையுங்கள். இருட்டில் முளைக்கவே முளைக்காது என்றுதான் பல குழந்தைகள் ஊகிப்பார்கள். இருட்டில் இருப்பது முளைக்கும், மற்றதைவிட உயரமாகவும் வளரும், ஆனால் வெளிறிய மஞ்சளாக, வலுவில்லாமல். விதைக்குள் இருந்த சேமிப்பைச் செலவழித்து அது வெளிச்சம் தேடி நீள்கிறது. ‘உயரமா இருக்கு, ஆனா நல்லா இல்லையே, ஏன்?’ என்று அவள் கேட்டாளானால் உங்களுக்குப் பெரிய வெற்றி.

ஒப்பிக்கிற பையன்

பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துப் பதற்றப்பட வேண்டாம், அவனைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். பெயர்களைத் தெரிந்துகொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, நினைவாற்றலும் நல்லதே. ஆனால் ஒப்பிப்பதும் புரிவதும் வேறு. ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 60 பேரிடம் பூமியைப் பற்றிக் கேட்டார்கள். பூமி உருண்டை என்று சரியாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். தொடர்ந்து கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சிலருக்கு அது தட்டு மாதிரி வட்டம். சிலர் மனதில் உள்ளே குழிவான ஒரு பந்து, அதற்குள் தட்டையான தரையில் நாம் நிற்கிறோம். இன்னும் சிலருக்கு இரண்டு பூமிகள், வானத்தில் உருண்டையாக ஒன்று, காலடியில் தட்டையாக ஒன்று. எவ்வளவு அழகான சமாளிப்பு பாருங்கள்! கண்ணால் பார்ப்பதையும் பெரியவர்கள் சொல்வதையும் சேர்த்துவைக்க அந்தக் குழந்தைகள் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

உங்கள் மகள் ‘உருண்டை’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல், ‘எங்கே, வரைஞ்சு காட்டு. நாம எங்க நிக்கிறோம்?’ என்று கேளுங்கள். அவள் படம், அவள் மனதில் இருப்பதை வாய்ச்சொல்லைவிடத் தெளிவாகச் சொல்லும்.

‘எனக்கு வராது’ என்பதை அவள் காதில் போடாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உங்கள் பயம் உண்மையானது, அது வந்த காரணமும் இருக்கும். ஆனால் ‘அறிவியல் மூளை’ என்று பிறவியிலேயே ஒன்று கிடையாது, அம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்கவும் இறங்காது. இறங்குவது பேச்சுதான். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், ‘ரொம்ப ரொம்ப புத்திசாலி’யான ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அது ஆணா பெண்ணா என்று ஊகிக்கக் கேட்டார்கள். ஐந்து வயதில் ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் தங்கள் பாலினத்தையே காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகள் அப்படிக் காட்டுவது குறைந்துவிட்டது. ‘ரொம்ப புத்திசாலிகளுக்கான விளையாட்டு’ என்று சொன்னதை விளையாடும் ஆர்வமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. அதையே ‘விடாமல் முயற்சி செய்கிறவர்களுக்கான விளையாட்டு’ என்று சொன்னபோது அந்த வித்தியாசம் இல்லை.

உங்கள் மகள் இப்போது சரியாக அந்த வயதில் இருக்கிறாள். அதனால் ‘நீ புத்திசாலி’ என்பதைக் குறைத்துக்கொண்டு, ‘மறுபடி செஞ்சு பார்த்தியே’, ‘நல்லா கவனிச்சிருக்க’ என்று அவள் செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

பெட்டியும் பயிற்சி வகுப்பும்

அலமாரியில் கிடக்கும் அந்தப் பெட்டி வீண் இல்லை. எரிமலை ஒரு வேடிக்கையாக முடிந்ததற்குக் காரணம், அதில் ஊகிக்க எதுவும் இல்லாததுதான். அதே சமையல் சோடாவையும் வினிகரையும் எடுங்கள். மூன்று குவளைகளில் ஒரே அளவு வினிகர், ஆனால் சோடா அரைக் கரண்டி, ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. எது அதிகம் பொங்கும்? சோடாவைக் கூட்டிக்கொண்டே போனால் நுரையும் கூடிக்கொண்டே போகுமா? ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது. வினிகர் தீர்ந்துவிடும், மிச்சச் சோடா அடியில் தங்கும். நுரையை உண்டாக்குவது கரியமில வாயு என்பதை அப்போது சொன்னால், சொல் ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி வாங்கும்போது ஆபத்து எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். பொத்தான் வடிவச் சின்ன பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். சின்னஞ்சிறு வலுவான காந்தங்கள் ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால், குடலின் மடிப்புகளுக்கு இடையில் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கலாம். இவற்றை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகவோ வெறும் கண்ணாலோ சூரியனைப் பார்க்கவே கூடாது. தங்கை, தம்பி என்று சின்னக் குழந்தைகள் வீட்டில் இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும்.

பயிற்சி வகுப்புக்கு வருகிறேன். ஆறரை வயதில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்பது மிரட்டல்தான், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். எல்லா வகுப்பும் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. போய் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகளின் கை எதையாவது தொட்டுக்கொண்டிருக்கிறதா, ஆசிரியரின் வாய் மட்டும் ஓடுகிறதா? ஒரு குழந்தை தப்பாகச் சொன்னால் என்ன நடக்கிறது? தேர்வும் பதக்கமும்தான் பெரிதாகப் பேசப்படுகிறதா? பார்க்க அனுமதிக்க மாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மகளுக்கே பிடித்து, மாலை விளையாட்டும் தூக்கமும் கெடாமல் இருந்தால் சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் ஒன்றும் குறையாது.

இங்கிலாந்தில் டெவன் பகுதியிலுள்ள பிளாக்காட்டன் ஊர்த் தொடக்கப்பள்ளியின் 25 குழந்தைகள், எட்டு முதல் பத்து வயதுக்காரர்கள், வண்டுத்தேனீக்கள் பூவைத் தேர்ந்தெடுக்க நிறத்தையும் அது இருக்கும் இடத்தையும் சேர்த்துப் பயன்படுத்துமா என்று தாங்களே கேள்வி கேட்டுச் சோதித்தார்கள். பயன்படுத்தும் என்று கண்டார்கள். வண்ணப் பென்சில் படங்களோடு அவர்கள் எழுதிய கட்டுரை 2010இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உயிரியல் இதழில் வந்தது. ஒரு விஞ்ஞானியும் ஆசிரியரும் துணை நின்றார்கள், ஆனால் கேள்வி குழந்தைகளுடையது. முன்கூட்டியே பாடம் முடித்ததால் வந்தது அல்ல அது.

தமிழும் பள்ளியும்

தாராளமாகத் தமிழில் பேசுங்கள். தாய்மொழியே கற்பிக்கச் சிறந்த மொழி என்று யுனெஸ்கோ 1953லேயே சொல்லியிருக்கிறது. ஐஸ் கட்டியை வைத்து உங்களோடு வாதாடிப் புரிந்துகொண்டவளுக்கு, பின்னாளில் வகுப்பில் வேறு மொழியில் ஒரு சொல் வரும்போது அந்தச் சொல் மட்டும்தான் புதிதாக இருக்கும், கருத்து ஏற்கெனவே கையில் இருக்கும். பள்ளிச் சொல் தெரிந்தால் அதையும் கூடவே சொல்லுங்கள், தடையில்லை.

வகுப்பாசிரியை அவசரம் வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு உடன்பாடுதான். பாடம் அடுத்த ஆண்டு வரட்டும். அதற்காகக் கேள்விகளையும் அதுவரை தள்ளிவைக்க வேண்டியதில்லை. பிள்ளை வகுப்பில் எப்படிக் கற்கிறாள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ‘ஏன் சொல்லித்தரவில்லை’ என்று தொடங்காமல், ‘வகுப்பில் கேள்வி கேட்கிறாளா? அடுத்த ஆண்டுப் பாடத்தில் குழந்தைகள் கையால் செய்வது என்ன இருக்கும்?’ என்று கேளுங்கள். அவள் ஊகப் படங்கள் வரைந்த நோட்டை எடுத்துப்போய்க் காட்டுங்கள். நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு நேரமில்லாமல் இருக்கும் ஆசிரியரிடம் பெரிய திட்டம் எதையும் வைக்காமல், இரண்டு கோப்பை விதைகளை வகுப்பு ஜன்னலிலும் அலமாரிக்குள்ளும் வைத்துப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

கடைசியாக ஒன்று. செல்பேசி விளக்கத்தின் பாதியில் எழுந்து போவதை வைத்து அவளுக்குக் கவனக்குறைபாடு என்று முடிவுகட்டாதீர்கள். தனக்குப் பிடித்த விளையாட்டில்கூடச் சில நிமிடம் நிலைக்க முடியாமல், வீட்டிலும் பள்ளியிலும் பல மாதங்களாக அப்படியே இருந்தால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாமல் இருந்தாலோ, கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதாக ஆசிரியை சொன்னாலோ காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.